நம்பர் பார்த்துப் போடு

வேப்பம்பட்டில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை போல்ட் என்றால் நட்டு, போல்ட்டுதான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். எதிர் வீட்டுக்காரர் ஆவடி டாங்க் ஃபேக்டரி. பின்தெருவில் இரண்டு ஃபிட்டர்கள், ஒரு வெல்டர். விடிந்தும் விடியாமலும் சென்னைப் பக்கம் போகிற ரயிலில் தெருவில் பாதி ஏறிவிடும். இருட்டிய பிறகு கட்டிங் ஆயில் வாசனையோடு திரும்பி வரும். அதனால் மிலிட்டரி மாமா ஒருநாள் எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, “சர்வீஸ் முழுக்க போல்ட்டு மாத்தினதுதான் என் வேலை” என்று சொன்னபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ராணுவத்தில் இருந்தவர் சுட்ட கதையைச் சொல்வார் என்று பார்த்தால் ஸ்பேனர் பிடித்த கதையைச் சொல்கிறாரே.

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அந்த போல்ட்டு இல்லடா. கதவுக்குப் போடுவோமே, அது.” எழுந்துபோய் எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிக் காட்டினார். உள்ளே ஒரு வெடி வெடிக்கும். அந்தப் பக்கம் குழல் திறந்திருக்கிறது, குண்டு அப்படிப் போகும். இந்தப் பக்கம் உன் முகம் இருக்கிறது. நடுவில் இருப்பது இந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான்.

மாமா ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரர். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர். அவர் காலத்தில் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை எஸ்.எல்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் செல்ஃப் லோடிங் ரைஃபிள். ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒருமுறை அழுத்த வேண்டும்; அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். இருபது தோட்டா மேகஸின், சுமார் நாலரை கிலோ எடை. கறுப்பு இரும்பும் மரக்கட்டையுமாக, கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் பேங்க் கேஷ் வேன் பக்கத்திலும் காவலர்கள் தோளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு போல்ட் தேய்ந்தோ உடைந்தோ போனால் வேறு போல்ட் போட வேண்டும். ஸ்டோரில் கேட்டால் தருவார்கள். எடுத்துப் போட வேண்டியதுதானே? மேலோட்டமாகப் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் எந்த போல்ட்டை எந்தத் துப்பாக்கியிலும் போடலாம் என்ற நிலைக்கு வர மனிதர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். மாமா அந்த முயற்சியை முழுசாக நம்பவில்லை. அவரிடம் துப்பாக்கியைக் கொடுத்த ராணுவமும் நம்பவில்லை.

ஏன் என்று புரிய ஒரே ஒரு அளவைத் தெரிந்துகொண்டால் போதும். தோட்டா குழலின் பின்பக்க அறைக்குள் போய் உட்காருகிறது. அதன் பின்புறத்தைத் தாங்கிப் பிடிக்க போல்ட் வந்து நிற்கிறது. அறைக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். இது குறைந்தால் போல்ட் முழுசாக மூடாது. கூடினால் ஆபத்து. விசையை அழுத்தியதும் உள்ளே ஒரு சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு அளவில் அழுத்தம் எழுகிறது. கார் டயரில் நாம் பிடிக்கும் காற்று 30 பவுண்டு சொச்சம். அந்த அழுத்தத்தில் பித்தளைக் கூடு பின்னால் தள்ளப்படும். தாங்க போல்ட் உடனே பக்கத்தில் இல்லாவிட்டால் கூடு இழுபட்டு, அடிப்பாகம் தனியாகப் பிய்ந்து, சூடான வாயு சுடுபவனின் முகத்துப் பக்கம் வரலாம். அனுமதிக்கப்பட்ட இடைவெளியோ அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு. நம் தச்சு ஆசாரிகள் நூல் கணக்கு சொல்வார்கள், ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த நூலையே நூறாகக் கிழித்து அதில் இரண்டு மூன்று இழை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் இடம்.

இதை மாமா சொன்ன விதம் வேறு. “சாவி மாதிரி நெனச்சுக்காத. தப்பான சாவி பூட்டுக்குள்ளயே போகாது, பிரச்சினையே இல்ல. இது செருப்பு மாதிரி. அடுத்தவன் செருப்பு உன் காலுக்குள்ள போகும். நடக்க ஆரம்பிச்சாத்தான் கடிக்கும்.”

ஒருவன் செருப்பு எல்லோர் காலுக்கும் பொருந்த வேண்டும் என்ற ஆசை முதலில் பிரான்ஸில் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு துப்பாக்கி என்பது ஒரு கொல்லனின் கைவேலை. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் விசைப் பூட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் மாட்டாது. அரம் எடுத்து ராவ வேண்டும். ஹோனோரே பிளாங்க் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கித் தொழிலாளி இதை உடைக்கப் பார்த்தார். 1785இல் அவருடைய பட்டறைக்குப் போன அமெரிக்கத் தூதர் தாமஸ் ஜெஃபர்ஸன் ஐம்பது பூட்டுகளின் பாகங்கள் தனித்தனியே குவித்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார். கைக்கு வந்த பாகங்களை எடுத்துத் தானே சிலவற்றைப் பூட்டியும் பார்த்தார். அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்து நடந்தது கொஞ்சம் நம்ம ஊர் அரசு டெண்டர் கதை போல இருக்கும். 1798இல் எலி விட்னி என்பவர் இரண்டு வருஷ அளவில் 10,000 துப்பாக்கிகள் செய்து தருவதாக அமெரிக்க அரசிடம் ஒப்பந்தம் போட்டார். 1801இல் வாஷிங்டன் போய், தலைவர்கள் முன்னால் பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டிக் கைதட்டு வாங்கினார். அந்தப் பாகங்கள் முன்கூட்டியே தயார் செய்து எடுத்துவரப்பட்டவை என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். துப்பாக்கிகளை அவர் முழுசாகக் கொடுத்து முடித்தது 1809இல். பள்ளிப் புத்தகங்களில் பேர் மட்டும் அவருக்குத்தான்.

உண்மையில் சாதித்தவர் ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆலையில் 1820களில் அவர் செய்தது பின்பக்கம் திறந்து மருந்து நிரப்பும் துப்பாக்கி. நம் போல்ட்டுக்கு ஒருவகையில் தாத்தா. அவர் கண்டுபிடித்த பெரிய ரகசியம் ஒரு இயந்திரமே இல்லை. அளவு பார்க்கும் கேஜ்கள்தான். தொழிலாளி கையில் ஒரு செட், பரிசோதகர் கையில் ஒரு செட், அந்த இரண்டும் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க யாரும் தொடாமல் பூட்டி வைத்த மூல செட் ஒன்று. அம்பத்தூரில் வேலை செய்த யாருக்கும் இதைப் படித்தால் சிரிப்பு வரும். அப்பா முப்பது வருஷம் செய்தது இதேதான். கோ கேஜ் உள்ளே போகணும், நோ-கோ கேஜ் போகக் கூடாது. 1834 வாக்கில் வேறொரு ஊரில் சைமியன் நார்த் என்பவர் செய்த துப்பாக்கியின் பாகங்கள் ஹாலுடையதில் பொருந்தின. மனித வரலாற்றில் பெரிய விஷயம். ஆனால் பாருங்க, ஹாலின் துப்பாக்கியைப் பற்றி சிப்பாய்கள் சொன்ன முக்கியமான புகார், பின்பக்க இடுக்கில் வாயு கசிகிறது என்பது. எல்லா இடத்திலும் அளவு பொருந்தியும் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒரு இடுக்கு மட்டும் அவருக்குக் கட்டுப்படவில்லை.

1851 லண்டன் பெரும் பொருட்காட்சியில் வெர்மான்ட்டைச் சேர்ந்த ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் கம்பெனி, பாகங்கள் மாற்றிப் போடக்கூடிய ஆறு ரைஃபிள்களை வைத்தது. பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பி இயந்திரங்கள் வாங்கி வந்து என்ஃபீல்டு ஆலையில் நிறுவினார்கள். என்ஃபீல்டு என்ற பெயர் நமக்கு எங்கே பழக்கம்? 1857 பாடத்தில். கொழுப்புத் தடவிய தோட்டா அதே என்ஃபீல்டின் 1853 மாடலுக்கானது. அதன்பின் 1878 ஆயுதச் சட்டம் வந்து இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றானது. துப்பாக்கி செய்யும் நுட்பம் முழுக்க அரசாங்கத்தின் காம்பவுண்ட் சுவருக்குள் போனது. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில், 1787இலிருந்து வெடிமருந்து ஆலை இருந்த இஷாப்பூரில், 1904இல் ரைஃபிள் ஃபேக்டரி வந்தது. அங்கே செய்ததுதான் போலீஸ்காரர்களின் பழைய தோழனான .303 லீ என்ஃபீல்டு.

இந்த .303இல் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கேஜ் வந்தாயிற்று, இயந்திரம் வந்தாயிற்று, நூற்றாண்டும் மாறியாயிற்று. ஆனாலும் போல்ட் கைப்பிடியின் வேரில் துப்பாக்கியின் நம்பரையே வெட்டி வைத்தார்கள். இந்த போல்ட் இந்த உடலுக்கு மட்டும்தான் என்று அர்த்தம். போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் காதுகள் இரண்டும் அழுத்தத்தைச் சமமாகத் தாங்கும்படி ஒவ்வொரு துப்பாக்கியிலும் தனியாகப் பொருத்தினார்கள். திருகு, ஸ்பிரிங், மேகஸின் எல்லாம் யாருடையதும் யாருக்கும் ஆகும். போல்ட் மட்டும் கூடாது. அதன் முன்முனையில் உள்ள தலை தனித் துண்டு. ஹெட்ஸ்பேஸ் கூடிவிட்டால் முழு போல்ட்டையும் தூக்கிப் போடாமல் தலையை மட்டும் மாற்றலாம். இரண்டாம் உலகப் போர்க் கால நாலாம் நம்பர் மாடலில் அந்தத் தலைகளை 0, 1, 2, 3 என்று நான்கு அளவுகளில், ஒன்றைவிட ஒன்று ஆயிரத்தில் மூன்று அங்குலம் போலக் கூடுதலாகச் செய்தார்கள். இஷாப்பூர் செய்த பழைய மாடலில் அந்த நம்பரும் கிடையாது. ஆர்மரர் ஒரு டப்பா நிறைய தலைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வளையல் கடையில் கை அளவு பார்ப்பது மாதிரி.

இந்த .303 நம்மைக் கைவிட்ட இடம் 1962. சீனப் படைகளிடம் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்கள் இருந்தன. நம் வீரர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டியிருந்தது. நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கின் குமாவோன் கம்பெனி கிட்டத்தட்ட முழுசாக அழிந்தபோது அவர்கள் கையில் இருந்தது .303தான். அந்தக் குளிரில் விறைத்த விரல்களோடு அந்த நான்கு அசைவுகளையும் ஒருமுறை மனசுக்குள் செய்து பாருங்கள்.

புதுத் துப்பாக்கி தேடும் வேலை போருக்கு முன்பே தொடங்கியிருந்தது, போர் அதை விரட்டியது. உலகம் முழுக்க அப்போது பேசப்பட்டது பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியின் எஃப்.ஏ.எல். ரைஃபிள். தியூதோனே சேவ் வடிவமைத்தது, 1953இல் வெளிவந்தது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் எடுத்துக்கொண்டன. இந்தியாவும் கேட்டது, ஆனால் உரிமம் படியவில்லை. அப்புறம் நம் பொறியாளர்கள் வெளிநாட்டு மாதிரிகளைப் பிரித்துப் போட்டு அளந்து தாங்களே ஒன்றை வரைந்தார்கள். எஃப்.என். கோபித்துக்கொண்டது, பிறகு பேசித் தீர்த்தார்கள். இப்படி இஷாப்பூரில் வந்ததுதான் 7.62 மி.மீ. ரைஃபிள் 1ஏ1, நம்ம எஸ்.எல்.ஆர்.

இங்கே ஒரு பக்கக் கதை. எஃப்.ஏ.எல். பெல்ஜியத்தில் மில்லிமீட்டர் கணக்கில் பிறந்தது. பிரிட்டிஷ் குடும்பத்து நாடுகள் அதை அங்குலக் கணக்கில் மறுபடி வரைந்தன. வரையும்போதே சில பாகங்களைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டன. விளைவு: அண்ணன் தம்பி முகச்சாயல், ஆனால் சட்டை மாற்றிப் போட முடியாது. 1982 ஃபாக்லாந்து போரில் இரண்டு பக்கமும் இதே குடும்பத்துத் துப்பாக்கிதான். பிரிட்டிஷ் துப்பாக்கியில் அர்ஜென்டினாவின் மேகஸின் ஒருவாறு உட்காரும். பிரிட்டிஷ் மேகஸின் அர்ஜென்டினாவின் துப்பாக்கியில் ஏறாது. இந்தியா இரண்டு வகைகளிலிருந்தும் எடுத்துக் கலந்தது. எது நம்முடையது, எது அவர்களுடையது என்று கேட்டால் கறிக்குழம்பில் தேங்காயைத் தனியாக எடுக்கச் சொல்வது போலத்தான்.

இந்தத் துப்பாக்கியின் போல்ட்டைச் சொல்லாமல் போனால் மாமா கோபித்துக்கொள்வார். (எஸ்.எல்.ஆரில் அதை ப்ரீச் பிளாக் என்றுதான் சொல்ல வேண்டுமாம். போல்ட் என்பது .303 காலத்துப் பழக்கம். அவரே பாதி நேரம் போல்ட் என்றுதான் சொன்னார்.) .303இன் போல்ட் திருகித் தாழ் போடும். இதில் திருகல் கிடையாது. முன்னால் வந்து நின்றதும் போல்ட்டின் பின்பாகம் மட்டும் கீழே சாய்ந்து, உடலுக்குள் குறுக்கே பதித்த ஒரு சின்ன எஃகுக் கட்டையின் முன்னால் போய் உட்காரும். வாயு பின்னால் தள்ளினால் அந்தக் கட்டையில் முட்டி நிற்கும். குண்டு போனதும் மேலே உள்ள கேரியர் நகர்ந்து போல்ட்டின் வாலைத் தூக்கிவிடும், தாழ் திறக்கும். அந்தக் குறுக்குக் கட்டைக்கு லாக்கிங் ஷோல்டர் என்று பெயர். வடிவமைத்தவரின் புத்தி அங்கேதான் தெரிகிறது. ஹெட்ஸ்பேஸ் துல்லியமாக வரவேண்டுமானால் குழல், உடல், போல்ட் மூன்றும் துல்லியமாக இருக்க வேண்டும். மூன்றையும் அப்படிச் செய்ய முடியாது, செய்தால் விலை எங்கேயோ போகும். எனவே மூன்றையும் சுமாராகச் செய், கடைசியில் இந்தக் கட்டையை மட்டும் ஆயிரத்தில் ஒரு அங்குலப் படிகளில் பல அளவுகளாகச் செய்து வை, எது பொருந்துகிறதோ அதைப் போடு. மூன்று பாகங்களின் பிழையையும் ஒரு விரல்நுனிக் கட்டை வாங்கிக்கொள்கிறது.

போல்ட் மாற்றும்போது தொல்லை இதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கட்டை தேர்ந்தெடுக்கப்பட்டது பழைய போல்ட்டுக்காக. புது போல்ட் ஆயிரத்தில் இரண்டு அங்குலம் குட்டையாக இருந்தால் ஹெட்ஸ்பேஸ் அவ்வளவு கூடும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. மூடும்போது வரும் அந்த க்ளக் சத்தம்கூட அதேதான். ஆர்மரர் கேஜ் போட்டுப் பார்க்கிறார். கோ கேஜில் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது. சரியில்லை என்றால் டப்பாவிலிருந்து இன்னொரு போல்ட், இன்னொன்று. எதுவும் ஒத்துவரவில்லை என்றால்தான் கட்டையில் கை வைப்பார். அது உடலில் இறுகப் பதிந்திருப்பது, எடுப்பது தனி வேலை. பொருந்திய பிறகு போல்ட்டில் துப்பாக்கியின் நம்பரை வெட்ட வேண்டும், ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். அப்போதிருந்து அது அந்தத் துப்பாக்கிக்குச் சொந்தம். பிறகு யாரும் மாற்றக் கூடாது.

ஆனால் மாறும். எப்போது மாறும் என்றால் துடைக்கும்போது. ராணுவத்தில் ஆயுத அறைக்கு கோத் என்று பெயர். சாயங்காலம் முப்பது பேர் கோத் முன்னால் உட்கார்ந்து முப்பது துப்பாக்கிகளைப் பிரித்து ஒரே தார்ப்பாயில் பரப்பிப் புல்த்ரூ இழுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். எழும்போது பக்கத்தில் இருப்பவனின் போல்ட் உன் துப்பாக்கியில் ஏறியிருக்கும். “நம்பர் பார்த்துப் போடு” என்பதுதான் தன் வாழ்க்கையிலேயே அதிகமுறை சொன்ன வாக்கியம் என்றார் மாமா, இந்தியில், தமிழில், திட்டோடும் திட்டு இல்லாமலும்.

1966இல் திருச்சியில் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி வந்து எஸ்.எல்.ஆர். தமிழ்நாட்டிலும் தயாரானது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையின் முதல் விஜயந்தா டாங்க் 1965இல், அம்பத்தூர் எஸ்டேட் 1964இல். நாலைந்து வருஷத்துக்குள் இந்த ஊர்களின் தலையெழுத்து மாறியது. கிராமத்திலிருந்து வந்தவர்கள் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து மைக்ரோமீட்டர் பிடித்தார்கள். ஆவடி, அம்பத்தூரில் இடம் விலை ஏறியபோது ரயில் பாதையோடு பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று தள்ளித் தள்ளி மனை வாங்கினார்கள். எங்கள் வீடு அப்படி வந்ததுதான். அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒத்துப்போனது இதனால் என்று நினைக்கிறேன். ஒருவர் ஆயிரம் உருப்படி ஒரே அளவில் வரவேண்டும் என்று லேத்தில் நின்றவர். இன்னொருவர் அப்படி வந்த ஆயிரத்தில் எது எதற்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவர். அப்பா சொல்வார், “நாங்க சரியா செஞ்சா உங்களுக்கு வேலையே இல்ல.” மாமா சொல்வார், “நீங்க என்னைக்கி சரியா செஞ்சீங்க?”

இதற்கெல்லாம் இன்னொரு பக்கம் உண்டு. அமெரிக்காவில் எஃப்.ஏ.எல். வகைத் துப்பாக்கியின் பழைய பாகங்களை செட்டாக வாங்கி, கேஜ் வாங்கி, வீட்டு கராஜில் உட்கார்ந்து போல்ட் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே 1959 ஆயுதச் சட்டத்தின் விளக்கப்படி துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். தனியாக ஒரு போல்ட் உங்கள் அலமாரியில் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது இரும்புத் துண்டு கிடையாது. அதனால் போல்ட்டில் உள்ள நம்பர் இங்கே இரண்டு வேலை செய்கிறது. முகம் சிதறாமல் காப்பது ஒன்று, அரசின் ஆயுதம் எங்கே இருக்கிறது என்று கணக்குச் சொல்வது இன்னொன்று. சுடப்பட்ட பிறகு எந்தத் துப்பாக்கி, யார் கையில் இருந்தது என்று ஒரு விசாரணைக் கமிஷன் கேட்டால் முதலில் திறப்பதும் அந்த ரிஜிஸ்டரைத்தான். பித்தளைக் கூட்டின் அடியில் பதியும் தடம் போல்ட்டின் முகத்தில் உள்ள தடம்தான். போல்ட் மாறினால் சாட்சியும் மாறும். 2018 தூத்துக்குடிக்குப் பிறகு வளர்ந்த நமக்கு இது ரொம்ப தூரத்து விஷயமாகத் தோன்றாது என்று நினைக்கிறேன்.

எஸ்.எல்.ஆருக்குப் பிறகு 1990களின் இறுதியில் இன்சாஸ் வந்தது. 5.56 மி.மீ. சின்னத் தோட்டா. பழைய எஸ்.எல்.ஆர்.கள் மாநிலப் போலீஸிடம் தங்கின. உத்தரப் பிரதேசப் போலீஸ் .303ஐ முறைப்படி வழியனுப்பியதே 2020 குடியரசு தினத்தில்தான். 2019இல் ராணுவம் அமெரிக்காவின் ஸிக் ஸாவர் ரைஃபிள்கள் 72,400 வாங்க ஒப்பந்தம் போட்டது. தோட்டா எது தெரியுமா? எஸ்.எல்.ஆரின் அதே 7.62. 2021 அக்டோபரில் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டையே கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். திருச்சி ஒரு கம்பெனிக்குப் போனது, ஆவடி டாங்க் இன்னொன்றுக்கு, ஆவடியிலேயே உள்ள சீருடை ஃபேக்டரி மூன்றாவதுக்கு. எதிர் வீட்டுக்காரர் அன்று கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு ரயிலேறினார்.

போன வருஷம் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் யாழ்ப்பாணம் போனார் என்று தெருவுக்கே தெரியும். அதைப் பற்றிப் பேசமாட்டார் என்பதும் தெரியும். நான் போல்ட்டிலிருந்தே தொடங்கினேன்.

1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் இந்திய அமைதிப்படை இலங்கை போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை தொடங்கியது. 1990 மார்ச்சில் திரும்பும்போது 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். எத்தனை தமிழ்ப் பொதுமக்கள் என்ற கணக்கு இன்றுவரை சண்டைக்குரியது. அந்தப் போரில் எஸ்.எல்.ஆர். தோற்றது என்று எழுதுவார்கள். நீளம், கனம், ஒவ்வொரு குண்டாகத்தான் சுடும். வாழைத்தோட்டத்திலும் ஒழுங்கைகளிலும் எதிரே ஏ.கே.47. ஏ.கே. தளர்வான பொருத்தம் கொண்டது, மண் போனாலும் ஓடும். துல்லியத்தை விட்டுக்கொடுத்து நம்பகத்தை வாங்கிக்கொண்ட துப்பாக்கி. இதெல்லாம் நான் படித்தவை, மாமாவிடம் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டார்.

பிறகு அவராகவே சொன்னார். எஸ்.எல்.ஆர். வகை அங்கே எல்லோரிடமும் இருந்தது. இலங்கைப் படைகளிடம் இருந்தது, அவர்களிடமிருந்து இயக்கங்களுக்குப் போனது. 1983க்குப் பிறகு இந்தியாவில் பயிற்சி எடுத்த பையன்களுக்கும் அது பழக்கமானது. பிடிபட்ட ஆயுதங்கள் அவரிடம் வரும். பிரித்து, நம்பர் எழுதி, நிலைமை எழுதி அனுப்ப வேண்டும். ஒருநாள் வந்த ஒன்றில் உடலில் ஒரு நம்பர். போல்ட்டில் வேறு நம்பர்.

“ரெண்டு துப்பாக்கி. ஒருத்தன்கிட்ட ஒண்ணு, இன்னொருத்தன்கிட்ட ஒண்ணு. ரெண்டுலயும் எது எதுவோ ஒடஞ்சிருக்கு. நல்லது ரெண்டையும் சேத்து எவனோ ஒண்ணாக்கியிருக்கான். கேஜ் இல்ல, டப்பா இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கயோ தென்னந்தோப்புல உக்காந்து ஒரு பையன் போட்டுப் பாத்திருக்கான். சின்னப் பையனாத்தான் இருக்கணும், மரக்கட்டையில பேனாக்கத்தியால ரெண்டு எழுத்து வெட்டியிருந்தான். நம்ம எழுத்து. கூட இருந்தவங்க யாருக்கும் படிக்கத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது.”

என்ன எழுத்து என்று கேட்டேன். அதை விட்டுவிட்டார்.

“ரெண்டு நம்பரையும் எழுதிக்கிட்டேன். அப்புறம் சும்மா இருக்க முடியல. கேஜ் போட்டுப் பாத்தேன்.”

“மாமா?”

“கோ மூடுச்சு. நோ-கோ மூடல.” கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரியா இருந்துச்சுடா.”